அரிசிக்கு மட்டும்தான் சாக்கு

மாவுமில் அக்காவிடம் காரணம் சொல்லப் போகிறவர்கள், கடைக்குள் நுழைந்ததும் இடது பக்க மூலையை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அங்கே காலிச் சாக்குகள் மடித்து இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அரிசி வந்த சாக்கு, உளுந்து வந்த சாக்கு, என்ன வந்தது என்றே தெரியாத சாக்கு. நீங்கள் "அது வந்துக்கா..." என்று ஆரம்பிப்பீர்கள். அக்கா கிரைண்டரிலிருந்து தலையைத் தூக்காமல் அந்த மூலையைக் கையால் காட்டுவாள்.

"சாக்கு எங்கிட்டயே நெறைய கெடக்குது தம்பி. நீ வேற ஒண்ணு எடுத்துக்கினு வராத."

கோணிப்பைக்கும் பொய்க் காரணத்துக்கும் தமிழில் ஏன் ஒரே சொல் வந்து வாய்த்தது என்று மொழியறிஞர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அக்கா அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு தெருவையே மிரட்டி வாழ்ந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. காரணம் எதுவும் சொல்லாமல்தான் போனாள். சொல்லியிருந்தால் நாங்கள் ஆச்சரியப்பட்டிருப்போம். மில் இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள்.

அப்போது நான் எதிர்மாடியில் இங்கிலீஷ் ட்யூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். கீழே மிஷின் ஓடினால் நான் பாடம் நடத்துவது பிள்ளைகளுக்குக் கேட்காது. அதனால்தான் கொஞ்சம் பேராவது பாஸ் பண்ணுகிறார்கள் என்பது அக்காவின் கருத்து. அவள் பெண்ணும் என்னிடம்தான் படித்தாள். ஒருநாள் எனக்கு உடம்பு சோம்பலாக இருந்தது. தொண்டை கட்டிவிட்டது, இன்று ட்யூஷன் கிடையாது என்று படியில் நின்று சைகை காட்டினேன். அக்கா கீழேயிருந்து கத்தினாள்.

"தொண்ட தான கட்டிக்கிச்சு? கை கட்டிக்கலயே? போர்டுல எழுதிப் போடு."

அன்று முழுக்க ஊமையாக எழுதிப் போட்டேன். நான் நடத்திய பாடங்களிலேயே பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது அதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிறருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒன்று என்றெல்லாம் அவளிடம் கிடையாது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் டிரான்ஸ்பார்மர் வெடித்து எங்கள் பக்கம் முழுக்க இருட்டு. மற்ற மில்காரர்கள் 'கரண்ட் இல்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, பலகாரம் சாப்பிடப் போய்விட்டார்கள். அக்கா ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் அண்டா அண்டாவாகக் குட்டியானை வண்டியில் ஏற்றித் தியாகதுருகத்துக்குப் போனாள். அங்கே தெரிந்த மில்லில் அரைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அவரவர் தூக்கில் அவரவர் மாவோடு வந்து இறங்கினாள்.

"கரண்டு இல்லன்னு சொல்லியிருந்தா யாருக்கா கேக்கப் போறாங்க?" என்றேன்.

"கரண்டு கள்ளக்குறிச்சில தான இல்ல? தமிழ்நாட்டுல இருக்குதுல்ல?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்டவளுக்குப் பிள்ளையாகப் பிறப்பது சுலபமில்லை. புருஷன் போன பிறகு ஒரே பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்தாள். அந்தப் பெண் காய்ச்சலோடு பரீட்சை எழுதியிருக்கிறாள், மழையில் குடையில்லாமல் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். ஒருமுறை என்னிடம், "எங்கம்மாகிட்ட எனக்கு ஒரு நாள்கூட வயித்து வலி வந்தது கெடையாது மாமா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு முழுசாக இல்லை.

அந்தப் பெண் படித்து, பூனாவில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு மராட்டிப் பையனைப் பார்த்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். அக்காவின் அண்ணனுக்கு மட்டும் அதைவிடப் பெரிய செய்தி இது. கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி ஆற்றுத் தண்ணீர் பாயும் நிலம் வைத்திருந்தவர். ஊரில் நாலு பேர் கேட்கிற பேச்சுக்காரர். பைக்கை மில் வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே சொன்னார்.

"வேற ஊரு, வேற பாஷ, இன்னா ஆளுங்கன்னே தெரியல. நம்ம ஜனத்துல ஒருத்தரும் அந்தக் கல்யாணத்துக்குப் போவக் கூடாது. தாய்மாமன் நான் சொல்றேன்."

"நீ போவாதண்ணே. நான் போவேன்."

"போனன்னா என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

"சரி. உன் வூட்டு மாவு மட்டும் வரட்டுமா, அதுவும் வாணாமா?"

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். மறுநாளும் அவர் வீட்டுத் தூக்கு வந்தது, அரைத்து வாங்கிப் போனது. 

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெறுங்கையோடு போக மாட்டேன், சீர் வரிசையில் மலைத்தேன் இருக்க வேண்டும் என்று வியாழக்கிழமை அக்கா வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினாள். தேன் கிடைத்துவிட்டது. திரும்பும்போது, மழை ஓய்ந்த நேரம், கல்வராயன் மலை வளைவு ஒன்றில் பஸ் மூச்சை விட்டு நின்றது. அடுத்த பஸ் வரும், காத்திருங்கள் என்று கண்டக்டர் சொன்னார். காத்திருப்பதும் ஒரு சாக்கு என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். கீழே கச்சிராயப்பாளையத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஈரப்பாறையில் இடது கால் சறுக்கியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. பின்னாலேயே நடந்து வந்தவர்கள் பார்த்தபோது, தேன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.

முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. மறுநாள் காலையில் அந்தக் கட்டோடே மில்லில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் முதல் ஆளாக வந்து, "இன்னாக்கா, பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தியா? எந்த ஸ்டேஷன்ல?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அதில் நிம்மதியும் கலந்திருந்ததை நான் கவனித்தேன். அண்ணன் பெண்டாட்டி சாத்துக்குடியோடு வந்து அந்த நிம்மதியை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"ஆண்டவனாப் பாத்து ஒரு வழி காட்டிட்டான். இனிமே ஏன் போவலன்னு பொண்ணும் கேக்காது, ஏன் போனன்னு ஊரும் கேக்காது."

"அதனாலதான் போவணும்" என்றாள் அக்கா. "கால் ஒடஞ்சிச்சுன்னு நான் வூட்ல குந்திக்கினா, பெத்தவளுக்கே இஷ்டமில்லன்னு ஆயிடும். எம்பொண்ணு அங்க தன்னந்தனியா நிக்கும். நல்ல சாக்குதான். ரொம்ப நல்ல சாக்கு. எனக்கு வாணாம்."

அப்போது போன் வந்தது. பெண்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். கை நிறைய மாவு.

"அம்மா, நீ வர வாணாம்மா. கால் ஒடஞ்சிருக்குதுல்ல. வீடியோல எல்லாம் காட்டச் சொல்றேன். சத்தியமா நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அக்கா மிஷினை நிறுத்தினாள். ஒரு பேச்சைக் கேட்பதற்காக அவள் மிஷினை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

"ஏண்டி, உன் வயித்து வலிக்கு நான் ஒரு நாள் லீவு குடுத்திருப்பனா? என் கால் வலிக்கு நீ லீவு குடுக்குறியா?"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "வந்து சேரு" என்றது குரல்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் தலையை ஆட்டினார்.

"நேத்துதான் கட்டே போட்டிருக்கு. பிளேன்ல காலத் தொங்கவிட்டு உக்காந்தா வீங்கும். கட்டு சுத்தியும் இறுகும். ரத்த ஓட்டம் நின்னா காலுக்கே ஆபத்தும்மா. பயணம் கூடாதுன்னு எழுதித் தரேன், அதக் காட்டிடுங்க."

"போலாம்னு எழுதித் தரணும்னா நான் இன்னா பண்ணணுங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன். அவருக்கு வேறு வழியில்லை. கட்டை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் கீறிவிட வேண்டும், மேலே துணிப்பட்டை சுற்ற வேண்டும், வீங்கினால் அது இடம் கொடுக்கும், காலை நீட்டி உயர்த்தியே வைத்திருக்க வேண்டும், விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே சொல்ல வேண்டும் என்றார்.

"மாவு பொங்கும்னு அண்டால எடம் வுடுறாப்பல."

"அதேதான்."

"அப்ப கீறுங்க."

துணைக்கு யார் போவது என்ற கேள்வி வந்தது. எங்கள் தெருவில் விமானம் ஏறியவன் நான் ஒருவன்தான். வாழ்க்கையில் ஒருமுறை ஏறினேன், அதே முறை இறங்கினேன். அந்தத் தகுதியைப் பல வருஷமாக ஊரில் அளந்து வைத்திருந்ததால் இப்போது மாட்டிக்கொண்டேன். ட்யூஷனில் பரீட்சை நடக்கிறது, என் அம்மாவுக்கு பிரஷர் என்று ஆரம்பித்தேன். கை தூக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. மூலையைப் பார்க்காமலேயே, "காலைல எத்தன மணிக்குக் கார் வரணும்?" என்றேன்.

மீனம்பாக்கத்தில் ஒரு பையன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நோயாளி குந்துறது அது" என்றாள் அக்கா. "நான் கல்யாணத்துக்குப் போறேன்."

நாற்காலியில் தேன் பாட்டில் இருந்த பெட்டியை உட்காரவைத்தாள். தான் வாக்கரை ஊன்றி, ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் பக்கத்தில் வந்தாள். பெட்டிக்கு ஏதோ எலும்பு முறிந்துவிட்டது போலவும், அதைப் பார்த்துக்கொள்ள இவள் வந்திருப்பது போலவும் ஓர் ஊர்வலம் நடந்தது. கவுண்டரில் இருந்த இளைஞன் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு நல்ல மனசோடுதான் சொன்னான்.

"மேடத்துக்குக் கஷ்டமா இருந்தா வேற தேதிக்கு மாத்திக் குடுத்துடலாம் சார்."

"கல்யாணத்த மாத்திக் குடுப்பியா தம்பி?"

அவன் முன்வரிசையில் கால் நீட்ட இடம் கொடுத்தான். வேறு எதையும் கொடுக்கவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் வாக்கரை ஸ்கேன் மிஷின் விழுங்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். வடக்கத்திப் பெண் காவலர் ஒருவர் கட்டை லேசாகத் தட்டிக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டார். அக்காவுக்கு இந்தி தெரியாது. கேள்வி தெரிந்தது.

"மாவுக்கட்டு."

அந்தப் பெண் சென்னையில் கொஞ்ச காலம் இருந்தவர் போலிருக்கிறது. கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தமிழ் கற்றிருந்தார். பால், தயிர், மாவு.

"மாவு?" முகம் மாறியது. "உள்ள மாவு?"

"ஆமா. மாவுதான். நல்லா இறுகிப்போச்சு."

இந்த இடத்தில் நான் உதவிக்குப் போனேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவனுக்கு 'பிளாஸ்டர்' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

"எஸ் மேடம். ஃப்ளார் பேண்டேஜ். நோ ப்ராப்ளம். ஒன்லி ஃப்ளார்."

அவர் துணிப்பட்டையைப் பிரித்தார். உள்ளே கட்டு, மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகக் கீறப்பட்டிருந்தது. கீறி, மறுபடி மூடி, துணி சுற்றியிருக்கிறது. உள்ளே மாவு இருப்பதைத் துணைக்கு வந்தவனே ஒப்புக்கொள்கிறான். நான் அவர் இடத்தில் இருந்தால் என்னைக் கைதே செய்திருப்பேன்.

"பைல? மாவு?"

"பைல இல்லம்மா. எடுத்துக்கினு வந்திருப்பேன், கல்யாணத்தன்னைக்கு இட்லி ஊத்தலாமேன்னு. இவன்தான் பிளேன்ல வுட மாட்டாங்கன்னு தடுத்துட்டான்."

நல்லவேளையாகத் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். டாக்டர் சீட்டைப் படித்தார். ஒரு சின்னத் துணியால் கட்டைத் துடைத்து அதை வெடிமருந்து பார்க்கும் இன்னொரு மிஷினில் வைத்தார்கள். மிஷின் மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே பட்டையைச் சுற்றச் சொன்னார். அந்தப் பெண் காவலரே மண்டியிட்டு, விரலுக்கு மேலே இறுக்காமல், பக்குவமாகச் சுற்றிவிட்டார்.

"இந்த நெலமைல போயே ஆகணுமாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"பொண்ணு கல்யாணங்க."

அவர் சீட்டை மடித்துக் கொடுத்தார். "எங்க தங்கச்சி கல்யாணத்துக்கே நான் போகல. டூட்டி."

என் கண் என்னையறியாமல் இடது பக்கம் போனது. அங்கே பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஆனால் அக்கா கையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கொழந்த பொறந்தா காது குத்துக்காவது போயிடுங்க சார். தாய்மாமன் மடின்னு ஒண்ணு இருக்குதுல்ல."

விமானத்தில் கால் நீண்டு கிடந்தது, அடியில் என் கைப்பை. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விரலைப் பார்த்தேன்.

"அசையுதாக்கா?"

"அசையுது. நீ ஏன் வேர்த்துக்கினு கெடக்குற?"

பாதி வழியில் விரல்கள் உப்பலாகின. கீறின இடம் மெல்ல வாய் திறந்தது. துணிப்பட்டையை நான் இன்னும் தளர்த்திவிட்டேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"பொங்கிக்கினு வருதுடா. எடம் வுட்டது நல்லதாப் போச்சு" என்றாள்.

பூனாவில் பெண் ஓடிவந்தது கட்டிப்பிடிக்கத்தான். ஆனால் முதலில் குனிந்து கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவும் பெண்ணும் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள். அவர்கள் வழக்கில் அதுதான் அழுகை.

மறுநாள் மண்டபத்தில், மாப்பிள்ளை, நடுவில் பிடித்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் நின்றதும் புரோகிதர் மராட்டியில் குரல் கொடுத்தார். அதில் ஒரு சொல் மட்டும் எங்களுக்குப் புரிந்தது: மாமா. பெண்ணின் தாய்மாமன் பெண்ணை அழைத்து வர வேண்டும். மணவறையில் அவள் முதுகுக்குப் பின்னால் அவர்தான் நிற்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவருக்குக் கால் உடைந்திருந்தது.

அண்ணன் வந்து நின்றிருக்க வேண்டிய இடம். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் கூடப் பொறந்தவன் இல்ல. இவங்க மொறயும் எனக்குத் தெரியாது. சட்ட வேற கசங்கி..."

அக்கா கையைத் தூக்கினாள். பூனாவில் ஏது சாக்கு? தூக்கின கையால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"தம்பின்னு சும்மாவாடா கூப்புட்டேன்? போடா."

போனேன். எதிர்வீட்டு மரியாதைக்கு என்னை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண், என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்தில் அக்காவுக்காகப் போட்டிருந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. வாக்கரை ஊன்றி, ஒரு காலில், தாலி ஏறும்வரை நின்றாள். கல்யாணத்தில் பெண்ணுக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, இருந்த ஒருத்தி நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றாள்.

ஊர் திரும்பிய பிறகும் அவள் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு மிஷின் ஓட்டினாள். ஒருநாள் அண்ணன் வந்தார். இந்த முறை பைக்கிலிருந்து இறங்கினார். பின்சீட்டில் ஒரு மூட்டை. அவர் நிலத்துப் புது அரிசி. தானே முதுகில் தூக்கிக்கொண்டு வந்து மில் நடுவில் இறக்கினார். மூச்சு வாங்கியது. நான் தூக்கு வாங்க வந்தவன், சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"புள்ளைக்குன்னு கொண்டாந்தேன்" என்றார். "வரலாம்னுதான் இருந்தேன். முட்டி வலி. நிக்கவே முடியல. இல்லன்னா..."

அக்காவின் கை மேலே போகும் என்று நான் மூலையைப் பார்த்தேன். போகவில்லை. முக்காலியில் நீண்டிருந்த தன் காலையும் அண்ணன் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அண்ணன் முதுகில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தாள்.

"அரிசிய டிரம்ல கொட்டுண்ணே" என்றாள். "நல்ல அரிசி. பொண்ணு வந்தா அதுலதான் ஆக்கிப் போடுவேன்."

அவர் கொட்டினார்.

"சாக்க மட்டும் திரும்ப எடுத்துக்கினு போயிடு."

 அண்ணன் காலிச் சாக்கை உதறி, நாலாக மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்ற பைக்கை மறந்து, தெரு முனைவரை நடந்தே போய்விட்டார்.